ஜாஸ் வாசிப்பின் நடுவே தெரிந்த பாட்டு வருவது ஏன்?

மும்பையில் ஒரு ஜாஸ் கச்சேரியில் சாக்ஸபோன்காரர் நடுவே பிறந்தநாள் பாட்டை வாசித்தாராம், "கற்பனை வறட்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. ஜாஸில் அது பழைய, மதிப்புள்ள வழக்கம். மேற்கோள் காட்டுவது மாதிரிதான்.

ஜாஸில் ஒரு பாட்டின் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்களின் கூட்டு) வரிசை திரும்பத் திரும்பச் சுழலும். கலைஞர் அதன் மேல் புதிது புதிதாக மெட்டுக் கட்டுவார். அங்கே வேறொரு பாட்டை நுழைக்க வேண்டுமென்றால், அந்த நொடியில் ஓடும் கார்டோடு அது பொருந்த வேண்டும். பிறந்தநாள் பாட்டு மூன்று எண்ணிக்கையில் போவது. பெரும்பாலான ஜாஸ் நான்கில் போகும். அதையும் வளைக்க வேண்டும். யோசிக்க நேரமே கிடையாது. பிறகு ஒட்டுத் தெரியாமல் சொந்தக் கற்பனைக்குத் திரும்ப வேண்டும். என்னைக் கேட்டால், திறமை தெரிவது அந்த வெளியேற்றத்தில்தான். கைத்தட்டலுக்காக ஒட்டவைத்த மேற்கோள் அங்கேயே அம்பலமாகிவிடும்.

மும்பை சண்முகானந்தா அரங்கில் ராக ஆலாபனை கேட்கும் மாட்டுங்கா ரசிகர்களுக்கு இது புதிதல்ல. தெரிந்த கிருதியின் சாயல் வந்தால் தலை தானாக ஆடும். ஆனால் அது அதே ராகத்துக்குள் நிற்கும். ஜாஸில் எங்கிருந்தும் எடுக்கலாம்.

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'கோ-கோ' (1945) கேளுங்கள். தலைதெறிக்கும் வேகத்தில், 'ஹை சொசைட்டி' என்ற பழைய பாட்டின் கிளாரினெட் பகுதி மின்னி மறையும். புதியவருக்கு அது பிடிபடாமல் போகலாம். அதனால் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 பெர்லின் கச்சேரியிலிருந்து தொடங்குங்கள். 'ஹவ் ஹை த மூன்' பாட்டில் அவர் பாட்டுக்குப் பாட்டு தாவுவது முதல் தடவையிலேயே காதில் விழும்.