எலும்பு தேடப் போகிறானாம், தடுக்க வேண்டாம் அக்கா

அக்கா, போன கிழமை மகனோடு வந்திருந்தபோது அவனை வைத்துக்கொண்டு எல்லாம் கதைக்க முடியவில்லை. தொல்லுயிரியல் படித்து, பாறையில் புதைந்த பழங்கால உயிர்களின் எலும்பு தேடப் போகிறேன் என்கிறானே, அதைப் பற்றித்தான் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கல். குடும்பிமலைப் பக்கம் பொறுக்கியது என்று பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தானே, கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடியது, "இது முதுகெலும்பு, சேர்" என்றான். அது நைஸ் என்ற உருமாறிய பாறை. நிலத்தின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்தது, அதில் எந்த எலும்பும் தப்பாது. இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இந்த மாதிரிப் பழம்பாறைதான். இதைச் சொன்னதும் பிள்ளையின் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவனோ "அப்ப எங்க போய்த் தேடணும்?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தேடல் தொடங்குவது மண்வெட்டியோடு இல்லை, எங்கே என்ன பாறை என்று காட்டும் வரைபடத்தோடு. சேறும் மணலும் படிந்து இறுகிய அடையற்பாறை, தேடும் உயிரினம் வாழ்ந்த காலத்துப் பாறை, அதுவும் காடும் மண்ணும் மூடாமல் வெளியே தெரிய வேண்டும். இடம் கிடைத்தால் அப்புறம் நடைதான், குனிந்த தலையோடு நாள்கணக்கில். சரிவில் ஒரு துண்டு கிடந்தால் அது உருண்டு வந்த வழியே மேலே ஏறிப் பார்ப்பார்கள். கல்லா எலும்பா என்று சந்தேகமென்றால் நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கமும் உண்டு. எலும்பில் நுண்துளை இருப்பதால் நாக்கில் ஒட்டும் (குடும்பிமலைக் கல்லை மகன் நக்கிப் பார்த்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்). சின்னப் பல் தேடுவோர் மண்ணைச் சல்லடையில் கழுவி, மிஞ்சியதை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பொறுக்குவார்கள். நீங்கள் அரிசியில் கல் பொறுக்குகிறீர்கள், அவர்கள் கல்லில் அரிசி பொறுக்குகிறார்கள்.

அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினின் குழு மீனுக்கும் கால் முளைத்த விலங்குக்கும் இடைப்பட்ட ஒன்றைத் தேடி 1999இல் கனடாவின் வடதுருவப் பகுதிக்குப் போனது. கோடையில் சில வாரங்கள்தான் அங்கே வேலை செய்யலாம். வெறுங்கையோடும் திரும்பியிருக்கிறார்கள். அங்கே எல்ஸ்மியர் தீவில் அவர்கள் தேடிய அந்த இடைப்பட்ட உயிரினம், டிக்டாலிக், கிடைத்தது 2004இல், ஆய்வு வெளிவந்தது 2006இல். பாறைக்கு வயது 37.5 கோடி ஆண்டு, அதோடு ஒப்பிட்டால் ஏழு வருடம் பெரிதில்லை, ஆனால் வாடகை கட்டுகிற மனிதனுக்குப் பெரிதுதான்.

உங்கள் பயம் அதுதானே, "சாப்பாட்டுக்கு என்ன செய்வான்" என்று. நியாயமான பயம். இலங்கையில் இதற்கென்று வேலை மிகக் குறைவு. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் வந்திருக்கின்றன, தப்போவவில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் தடங்கள் உண்டு, ஆனாலும் அதை நம்பிச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே தொல்லுயிரியலை நேராகக் குறிவைக்காமல், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியலுக்கு, அதாவது பாறையும் நிலமும் பற்றிய படிப்புக்கு, குறிவைக்கட்டும். நிலத்தடி நீர், சுரங்கம், கட்டுமானம் என்று அதற்குக் கதவுகள் உண்டு. எலும்பை மேற்படிப்பில், பெரும்பாலும் வெளிநாட்டில், பிடித்துக்கொள்ளலாம். பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் புள்ளி இடம்கொடுக்காவிட்டால் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் வழிதான். உயர்தரத்தில் எந்தப் பாடச் சேர்க்கை என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கல்லடிக் கடற்கரையில் ஒரு ரம்ளர் மணல் அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டி, ஊசியும் பூதக்கண்ணாடியும் கொடுங்கள். தினமும் ஒரு மணித்தியாலம் சிப்பித் துண்டு, நத்தை ஓடு என்று பிரித்து, எண்ணி, கொப்பியில் எழுதட்டும். போனைப் பறிக்கவும் வேண்டாம், பக்கத்தில் நின்று ஏவவும் வேண்டாம். எத்தனையாவது நாளில் தட்டைத் தள்ளி வைக்கிறான் என்று மட்டும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கொப்பியோடு வாருங்கள். கல்லை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறான், என் மேசையில் பத்திரமாக இருக்கிறது.