ஃபோபெர்க் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அடுத்த மாதம் நார்வேயில் லில்லஹாமர் போகிறோம். 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர். பக்கத்தில் ஃபோபெர்க் என்ற ஊராட்சி இருந்ததாகவும் 1964-ல் அதை நகரத்தோடு சேர்த்துவிட்டதாகவும் படித்தேன். நகரம் வளர்ந்தால் குக்கிராமங்கள் அதில் கரைவது இயல்புதானே? அங்கே ஒரு நாள் போதுமா?

ர.

அன்புள்ள ர.,

எத்தனை நாள் என்பதைப் பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். குக்கிராமம் என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள்? இணைப்பின்போது லில்லஹாமரில் 6,000 பேர்கூட இல்லை. ஃபோபெர்க்கில் 13,000-க்கும் மேல். அந்த நகரமே 1827-ல் ஃபோபெர்க் மண்ணில் எழுந்ததுதான். பிள்ளையின் பெயர் நின்றது, தாயின் பெயர் போயிற்று. கொஞ்ச நாளாகவே எனக்கு இந்த ஆற்றாமை உண்டு.

1837-ல் நார்வேயில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. மறு ஆண்டே ஃபோபெர்க் இருக்கும் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் ஊர்ச் செலவைத் தாங்களே தீர்மானிக்க உட்கார்ந்தார்கள். குறைகள் உண்டு. பெண்கள் எல்லோருக்கும் உள்ளாட்சி வாக்குரிமை 1910-ல்தான் கிடைத்தது. நாதியற்ற கிழவி ஒருத்தி இந்த வாரம் எந்தப் பண்ணையில் சாப்பிட்டுப் படுப்பாள், அடுத்து எந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள் என்று முறைவைக்கும் வழக்கம் 1900 வரை நார்வே கிராமங்களில் இருந்தது. கொடுமைதான். ஆனால் என் பாட்டியின் தங்கை துணிமூட்டையோடு மாதம் ஒரு மகன் வீடாக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவளுக்காகப் போய்க் கேட்க ஓர் இடம் இல்லை. அங்கே இருந்தது. அந்த இடத்துக்குப் பெயர்தான் ஊராட்சி. வீடும் வயலும் அப்படியே இருக்க, அது மட்டும் போய்விடும். அதைக் கரைவது என்று சொல்லாதீர்கள்.

இணைப்புக்குக் காரணங்கள் இருந்தன. ஒன்பதாண்டுக் கட்டாயப் பள்ளியின் செலவைச் சிறிய ஊராட்சிகளால் தாங்க முடியவில்லை, நகரங்களுக்கு எல்லைக்குள் இடமில்லை. உள்ளாட்சி எல்லைகளை ஆராய அரசு அமைத்த, நிக்கோலாய் ஷைய் தலைமையிலான குழுவின் பரிந்துரையால் 700-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் 1960-களில் 454 ஆயின. சரி. ஆனால் 13,000 பேர் கொண்ட ஃபோபெர்க்கைச் சிறியது என்று யார் சொல்ல முடியும்?

பனிச்சறுக்கு வண்டிகள் பாய்ந்த ஹுண்டர்ஃபொசன் ஓடுபாதைகூடப் பழைய ஃபோபெர்க்கில்தான் இருக்கிறது. நகரத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் 1727-ல் கட்டிய ஃபோபெர்க் மரத் தேவாலயம் வரும். கல்லறைக் கற்களில் பண்ணைப் பெயர்களைத் தேடிப் படியுங்கள் அம்மா, அவசரப்படாமல். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.