பாதி வாடகைக்கு விட்டால் வீட்டைச் சரிபண்ணித் தருவாரா?

கேள்வி: காரைக்குடி அருகே பள்ளத்தூர் பக்கம் அப்பத்தா இருந்த ஓட்டு வீடு, அவர் போனபிறகு பூட்டியே கிடக்கிறது. நான் கோவையில் இருக்கிறேன். இரண்டாங்கட்டில் (முற்றத்தைத் தாண்டிய உள்பகுதி) இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, மோட்டார் ஓடவில்லை, கழிப்பறை மோசம். வாடகை மாதம் 6,000 போகும் என்கிறார்கள். ஒருவர், "3,000க்கு விடுங்க, எல்லா வேலையும் நானே பாத்துக்கிறேன்" என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? நம்பகமான ஆளை எப்படிப் பிடிப்பது?

பதில்: இந்தக் கணக்குப்படி கொடுக்காதீர்கள். வருடத்துக்கு 36,000 ரூபாய் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள், அதற்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. குறைந்த வாடகை முதல் மாதமே ஆரம்பித்துவிடும், வேலை மட்டும் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று போய்க்கொண்டே இருக்கும், நீங்களும் கோவையிலிருந்து போன் பண்ணிக்கொண்டே இருப்பீர்கள்.

வாடகையை 6,000 என்றே எழுதுங்கள். என்ன வேலை, எவ்வளவுக்குள், எந்தத் தேதிக்குள் என்று முதலிலேயே பேசி எழுதிக்கொண்டு, வேலை முடிந்து பில்லும் போட்டோவும் வந்தபிறகு மாதம் 2,500 வீதம் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு 15,000 ஆனதென்றால் ஆறு மாதத்தில் கழிந்துவிடும், அப்புறம் முழு வாடகை. அவர் பாதியில் காலி செய்தால் மீதியை என்ன செய்வது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், சண்டை வருவதே அந்த இடத்தில்தான்.

ஆனால் எல்லா வேலையையும் குடிவருபவர் தலையில் கட்டக்கூடாது. ஓடு, மரம், வயரிங் மூன்றும் உங்கள் செலவில், உங்கள் ஆளை வைத்து முடிக்க வேண்டியவை. நாட்டு ஓட்டைப் பிரித்து, உடைந்ததைத் தள்ளி, கரையான் அரித்த ரீப்பரை (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) மாற்றி மறுபடி வேய்வதற்குக் கை பழகிய ஆள் வேண்டும். குடியிருப்பவர் பார்த்தால் பெரும்பாலும் மேலே ஒரு தார்ப்பாயை விரித்துச் செங்கலை வைத்துவிட்டு இறங்கிவிடுவார். சுவரும் அப்படித்தான். பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கொஞ்ச நாளில் பக்கத்துப் பூச்சும் உப்பிக்கொண்டு விழும். ஆத்தங்குடி கல் (கையால் செய்த பூவேலைத் தரைக்கல்) பாவிய தரை என்றால் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பூவேலை வெளுத்துப்போகும். மோட்டார், குழாய், கழிப்பறை, கொல்லைப்புறம் சுத்தம் பண்ணுவது, இதெல்லாம் அவருக்கு விடலாம்.

ஆளைப் பிடிக்கும் விஷயம். தரகரிடம் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கு ஓடு வேய வரும் கொத்தனாரிடமே சொல்லிவையுங்கள், வீடு தேடும் தச்சரோ எலக்ட்ரீஷியனோ அவர் கண்ணில் படுவார். காரைக்குடியில் வேலை பார்க்கும் ஆசிரியர், வங்கிக்காரர், அழகப்பா பல்கலைக்கழக ஊழியர் என்றால் வாடகை ஒழுங்காக வரும், கையை அழுக்காக்கிக்கொள்வார்களா என்பது வேறு கதை. வீட்டைக் காட்டும்போது அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். முகப்புத் தூணைப் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவரைவிட, முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து "மழைத்தண்ணி எந்தப் பக்கமா வெளியே போகுது?" என்று கேட்கிறவர் தேவலை. முடிந்தால் அவர் இப்போது இருக்கும் வீட்டுக்கே ஒரு நடை போங்கள், அந்த வீட்டுக்காரரிடமும் பேசுங்கள்.

சாவி கொடுக்கும் முன் கதவு, நிலை, தூண், அலமாரி, பாத்திரம் எல்லாவற்றையும் அறை அறையாக வீடியோ எடுத்து, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுச் சாமான்களுக்குக் காரைக்குடியில் எப்போதும் வாங்க ஆள் உண்டு.

ஒப்பந்தம் எழுத்தில் கட்டாயம். 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதே சட்டம் கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் ஆகியவற்றை உரிமையாளர் பக்கமும், குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு போன்றவற்றைக் குடியிருப்பவர் பக்கமும் வைக்கிறது. இதை மாற்றிப் பேசிக்கொண்டால் அதையும் எழுத வேண்டும். வீட்டில் அண்ணன் தம்பி, பங்காளிகளுக்குப் பங்கு இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அவர்கள் சம்மதக் கையெழுத்து இல்லாமல் எதுவும் எழுதாதீர்கள். "ஒத்திக்கு விட்டு அந்தப் பணத்தில் வேலையைப் பாருங்க" என்று, அதாவது மாத வாடகைக்குப் பதில் ஒரு மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு கெடு முடிந்ததும் திருப்பித் தரும் ஏற்பாட்டை, யாராவது சொன்னால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை, பணத்தை ஓட்டில் போட்டுவிட்டுக் கெடு வந்ததும் முழுத்தொகையை எங்கிருந்து எடுப்பீர்கள்?

அந்த 3,000 ரூபாய்க்காரரை இப்போதே தள்ளிவிட வேண்டாம். மேலே சொன்னபடி பேசிப் பாருங்கள், "பில்லெல்லாம் எதுக்குங்க" என்றால் வேறு ஆள் பாருங்கள். யாரும் கிடைக்கவில்லை என்பதற்காக ஓட்டு வேலையை நிறுத்தி வைக்காதீர்கள். புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள், ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓட்டைப் பிரிக்கக் கொத்தனாரே சம்மதிக்க மாட்டார்.