எழுப்புதல் கூட்டத்துல அழுதுட்டு எந்திரிச்சுப் போன அக்காவுக்கு

டீச்சரம்மாவுக்கு ஸ்தோத்திரமுங்க,

கோபி பக்கம் ஒரு கிராமமுங்க எங்களுது, சி.எஸ்.ஐ. சபை. போன மாசம் மூணு நாள் எழுப்புதல் கூட்டம் நடந்துச்சு. ரெண்டாவது நாள் வெளியூர்லருந்து வந்த பிரசங்கியாரு கருக்கலைப்பப் பத்திப் பேசினாருங்க. கருத்தரிச்ச அந்த நொடியிலருந்து அது முழு மனுஷன், அத அழிச்சவ கொலைகாரி, இந்தப் பந்தல்லயே ரத்தம் படிஞ்ச கை இருக்குன்னு கத்துனாரு. எங்கக்கா எனக்கு முன்வரிசைல உக்காந்திருந்தா. போன வருஷம் அஞ்சாம் மாச ஸ்கேன்ல கொழந்தைக்கு மண்டை ஓடு உருவாகல, பொறந்தாலும் தங்காதுன்னு சொன்னாங்க, நம்பாம இன்னொரு எடத்துலயும் பாத்தோம், அங்கயும் அதேதான். அப்பறம்தான் எடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரி அழுதுட்டு எந்திரிச்சுப் போனவ அதுக்கப்பறம் சபைல குடுக்கற திருவிருந்து அப்பத்தயே எடுக்கலீங்க. 'நான் கொலைகாரியாடா'ன்னு எங்கிட்ட கேக்கறா. நான் பனியன் கம்பெனில வேல பாக்கறவன், வேதத்துல பெரிய அறிவில்ல. வேதம் நெஜமா என்ன சொல்லுதுங்க? அந்தக் கொழந்தைக்கு ஆத்துமா இருந்துச்சா? பேர் போட வேண்டாமுங்க.

*

தம்பிக்கு,

இல்ல. உங்கக்கா கொலைகாரி இல்ல. இத மொதல்ல அவகிட்டப் போயி சொல்லிப்போட்டு வந்து மிச்சத்தப் படிங்க, மிச்சமெல்லாம் உங்களுக்கு, அவளுக்கு இந்த ஒரு வரி போதும்.

உங்க கடுதாசிய நாலு தடவ படிச்சேன், ராத்திரி தூக்கம் வரல. வயித்துல இருக்கறது ஒண்ணுமே இல்ல, வெறும் சதைன்னு சொல்ற கூட்டத்துல நானில்ல, அதையும் சொல்லிடறேன். இருபது வருஷத்துக்கு மேல ஞாயிறுபள்ளி நடத்துனவ நான், 139ஆம் சங்கீதத்த எத்தன புள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வெச்சிருப்பேன், 'என் கருவை உம்முடைய கண்கள் கண்டது'ன்னு ஒவ்வொண்ணும் நின்னு சொல்றப்ப எனக்கு இன்னிக்கும் நெஞ்சு நெறஞ்சு போகும். அது உண்மைன்னு நம்பறேன். ஆனா அது தாவீது கடவுளப் பாத்து நன்றியோட பாடுன பாட்டு. யாரையும் குத்தவாளிக் கூண்டுல ஏத்தறதுக்கு எழுதுன சட்டப்பிரிவு இல்ல. எரேமியா 1:5ம் அப்படித்தான். அந்தப் பிரசங்கியாரு அத நிச்சயம் சொல்லியிருப்பாரு, சொல்லாம இந்தப் பிரசங்கமே கெடையாது. 'நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்'. உருவாக்குமுன்னேன்னு இருக்கு பாருங்க, உருவாக்குனப்பறம்னு இல்ல. இத வெச்சு எப்ப மனுஷன் ஆகறான்னு கணக்குப் போட்டா கருத்தரிக்கறதுக்கு முன்னாடியே ஆள்னு வந்துரும், அப்படி எந்த சபையும் சொல்றதில்ல. அந்த வசனம் எரேமியாவோட அழைப்பப் பத்தினது, நாள் கணக்கப் பத்தினது இல்ல.

அவரு படிக்காம விட்ட வசனம் ஒண்ணு இருக்கும், யாத்திராகமம் 21:22. ரெண்டு ஆம்பளைங்க சண்டை போடறப்ப புள்ளத்தாச்சி மேல அடி பட்டு, நம்ம பழைய மொழிபெயர்ப்புல இருக்கற மாதிரியே சொன்னா, 'வேறே சேதமில்லாமல் கர்ப்பம் விழுந்துபோனால்' அடிச்சவன் தண்டம் கட்டணும். அவளுக்கே சேதம் வந்துட்டா ஜீவனுக்கு ஜீவன். தமிழ்ல வேதம் படிச்சு வளந்த நமக்கு இது பச்சையா தெரியுது, விழுந்த கர்ப்பத்துக்குத் தண்டம், தாயோட உசுருக்கு உசுரு. இப்ப வர்ற இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகள் பலதுல 'கொழந்தை குறைமாசத்துல பொறந்தா'ன்னு போட்டிருக்காங்க, அப்பப் பொருளே மாறிடுது. எபிரேய மூலத்துல 'அவ பிள்ளைகள் வெளிய வந்தா'ன்னு மட்டும்தான் இருக்கு, அதனால ரெண்டு பக்கமும் இழுக்கறாங்க. கிறிஸ்துவுக்கு முன்னாடியே யூதருங்க கிரேக்கத்துல மொழிபெயர்த்தப்ப இன்னொரு வழில போனாங்க, உருவம் வந்த கருவா இருந்தா உசுருக்கு உசுரு, வராததா இருந்தா தண்டம்னு. ஒரே வசனம், மூணு மாதிரி. இதுல கொலைகாரின்னு கத்தற அளவுக்கு உறுதி எங்கிருந்து வருதுங்க?

சபையோட சரித்திரமும் அப்படித்தான் வருது. ஆதிச் சபை கருக்கலைப்பப் பாவம்னுதான் சொல்லுச்சு, அப்போஸ்தலரோட காலத்த ஒட்டி வந்த தீதாகே நூல்லயே தடை இருக்கு, அத மறைச்சு நான் பேச மாட்டேன். ஆனா அது கொலையாங்கற கேள்வில ஒத்த கருத்து இல்ல. நாலாம் நூத்தாண்டு பிஷப் பேசில், உருவம் வந்துச்சா வரலயான்னு பிரிச்சுப் பாக்கறதே தப்புன்னாரு. அவருக்குச் சித்த பின்னாடி வந்த பிஷப் அகுஸ்தீன் உருவம் வராத கருவக் கொலைக்கணக்குல சேக்கல. பதிமூணாம் நூத்தாண்டு இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலப் பின்பத்தி ஆத்துமா கொஞ்ச நாள் கழிச்சுத்தான் சேருதுன்னு எழுதினாரு, அரிஸ்டாட்டில் கணக்குல ஆணுக்கு 40 நாள், பொண்ணுக்கு 90 நாள். 1588ல அஞ்சாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் உருவம் வந்த கரு, வராத கரு எல்லாத்துக்கும் ஒரே கடுமையான தண்டனைன்னு கொண்டாந்தாரு, மூணே வருஷத்துல பதினாலாம் கிரகோரி அதத் தளர்த்திட்டாரு. 1869ல ஒம்பதாம் பத்திநாதர் பாப்பரசர்தான் அந்த வித்தியாசத்தத் தண்டனைச் சட்டத்துலருந்து முழுசா எடுத்தாரு. 1974ல வத்திக்கான் இதப் பத்தி அறிக்கை விட்டப்பகூட ஆத்துமா எந்த நொடி சேருதுங்கறத நாங்க தீர்மானிக்கலன்னுதான் சொல்லுச்சு, ஆனா அது மனுஷனா இருக்க வாய்ப்பிருக்குன்னாலே கைவைக்கக் கூடாதுன்னு வாதம் வெச்சாங்க. அந்த வாதத்த நான் மதிக்கறேன், அதுல பயபக்தி இருக்கு. ஆத்துமா இருந்துச்சான்னு கேட்டீங்கல்ல, ரெண்டாயிரம் வருஷமா பெரிய பெரிய ஆளுங்க மண்டியிட்டு யோசிச்சும் நாள் குறிக்காத விஷயமுங்க அது, மைக்கப் புடிச்சு ஒரு ராத்திரில முடிக்கறதுக்கு இல்ல.

நம்ம புராட்டஸ்டன்ட் பக்கம் நடந்தது இன்னும் கிட்டத்துல, நம்ம காலத்துலயே. அமெரிக்காவுல தெற்கு பாப்டிஸ்ட் சபைங்க, இன்னிக்கு இந்த விஷயத்துல முன்னாடி நிக்கறவங்க, 1971ல என்ன தீர்மானம் போட்டாங்க தெரியுமா, பலாத்காரம், நெருங்குன ஒறவுல உண்டான கர்ப்பம், கருவுல கடுமையான குறைபாடு இருக்கறதுக்குத் தெளிவான ஆதாரம், தாயோட உடம்பு மனசு கெடற நெலம, இதுக்கெல்லாம் கலைக்க அனுமதிக்கற சட்டத்துக்குப் பாடுபடணும்னு. கருவுல கடுமையான குறைபாடு, அது உங்கக்காவோட நெலம. 1980ல அந்த நெலைய மாத்திக்கிட்டாங்க. மாத்திக்கறது அவிய உரிமை, ஆனா ஒரு ஊருச் சபைங்க ஒம்பது வருஷத்துல மாத்துன முடிவ ஆதாம் காலத்துலருந்து வர்ற கட்டளை மாதிரி நம்ம பந்தல்ல வந்து எறக்கறது நியாயமில்ல.

சரி, எம்பட கதைக்கு வர்றேன், இது நான் எங்கயும் எழுதுனதில்ல.

எனக்கு ஒம்பது வயசு இருக்கும், தாராபுரம் பக்கம் இருந்தோம். எங்கம்மாவுக்கு ஆறாம் மாசம் கர்ப்பம் விழுந்துருச்சு. பையன். அப்பா ஒரு பழைய வெள்ள வேட்டியக் கிழிச்சு சுத்துனாரு, ரெண்டு கைக்குள்ள அடங்கிருச்சு. சபையப் பாத்துக்கற உபதேசியார் வூட்டுக்குப் போயி ஒரு ஜெபம் பண்ணி கல்லறைத் தோட்டத்துல வெச்சுக்கலாமுங்களான்னு கேட்டாரு, நானும் கூடப் போயிருந்தேன், வாசல்லயே நின்னோம். அவரு நல்ல மனுஷன்தான், இருந்தாலும் 'ஞானஸ்நானம் ஆகாததுங்க, இதுக்கு ஆராதனை இல்லீங்க'ன்னுட்டாரு. அப்பா ஒண்ணுமே பேசல. மம்பட்டிய எடுத்துட்டு வாய்க்கா ஓரத்துக்குப் போயி ரெண்டாவது தென்னைக்கு அடில தோண்டுனாரு, நான் அரிக்கேன் லைட்டப் புடிச்சுட்டு நின்னேன், மண்ணு ஈரமா இருந்துச்சு, குழி தோண்டி முடிச்சும் வேட்டிய எறக்க முடியாம அவரு சித்த நேரம் அப்படியே உக்காந்திருந்தாரு. பொறவு பரமண்டல ஜெபத்த அவரே சொன்னாரு, பாதில நின்னு போச்சு, மிச்சத்த நான் சொன்னேன்.

அதனாலதான் வெறும் சதைன்னு யாராச்சும் சொன்னா எனக்குத் தாங்காது. அதே காரணத்துக்காகத்தான் கொலைகாரின்னு கத்தறவங்களையும் தாங்க முடியல. ஏன்னா தானா விழுந்தா அது ஆளில்ல, ஜெபம் இல்ல, கல்லறை இல்ல, பேரில்ல. ஒரு பொம்பள டாக்டர்கிட்ட போனா மட்டும் அது முழு மனுஷன், அவ கொலைகாரி. நெஜமா அது ஆள்னு சபை நம்புனா வாய்க்கா ஓரத்துக்கு வந்திருக்கணும். அந்தக் கொழந்தைய மனுஷனா நெனைச்சது எங்கப்பா ஒருத்தருதான். உங்கக்காவுக்கு அஞ்சாம் மாசம் அது நடந்தப்ப சபைலருந்து யாரு வந்தாங்க, யாரு சோறாக்கிக் கொண்டாந்தாங்க? நீங்க எழுதல, அதனால யாரும் வரலன்னு எடுத்துக்கறேன்.

உங்கக்காவுக்கு வந்ததப் பத்தி ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோங்க. கருத்தரிச்சு சுமாரு 28 நாளுக்குள்ள மூளையும் தண்டுவடமும் ஆகப்போற குழாய் மூடிக்கணும், மேல் பக்கம் மூடாமப் போனா மண்டை ஓடும் மூளையோட பெரும்பகுதியும் உருவாகாது. பல பொம்பளைங்களுக்கு மாசமா இருக்கறதே தெரியறதுக்குள்ள அது நடந்து முடிஞ்சிரும். கிரகணத்துல வெளிய வந்தா, அதத் தின்னா இதத் தின்னான்னு ஒறம்பரைல யாராச்சும் பேசிட்டிருந்தாங்கன்னா நிறுத்தச் சொல்லுங்க. அந்தக் கொழந்தைங்க வயித்துலயே எறந்துரும், இல்லாட்டி பொறந்து சில மணி நேரமோ சில நாளோதான். அவ ஒரு உசுர வேண்டாம்னு தள்ளல, தங்காத உசுர எப்ப வழியனுப்பறதுங்கற கொடுமையான முடிவ எடுக்க வேண்டியதாச்சு. கத்தோலிக்கத் திருச்சபை இந்த நெலமைலயும் கூடாதுன்னுதான் சொல்லும். கடைசி வரைக்கும் சுமந்து பெத்து மடில வெச்சு அனுப்புன தாய்மாருங்களும் உண்டு, அவங்க முன்னாடி நான் கையெடுத்துக் கும்புடுவேன். ஆனா அந்தப் பாரத்த இன்னொருத்தி முதுகுல நாம தூக்கி வெக்க முடியாது. நம்ம நாட்டுச் சட்டம் 1971லருந்தே இதுக்கு எடம் குடுத்திருக்கு, 2021 திருத்தத்துக்கப்பறம் இந்த மாதிரி கடுமையான குறைபாடுன்னா 24 வாரம் தாண்டியும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். அவ சட்டத்துக்கும் ஒளிஞ்சு ஒண்ணும் பண்ணல.

கரு ஆளா இல்லையான்னு சட்டமே முடிவு பண்ணிக் கட்டிப்போட்டா என்ன ஆகும்னு நம்ம பக்கத்து மாநிலத்துப் பொண்ணு ஒருத்தி உசுரக் குடுத்துக் காட்டிட்டா. சவிதா ஹலப்பனவர், பெல்காம் பொண்ணு, பல் டாக்டர், 31 வயசு. அயர்லாந்துல 2012 அக்டோபர்ல 17 வாரத்துல கர்ப்பம் கலைய ஆரம்பிச்சிருச்சு, கொழந்தை பொழைக்காதுன்னு டாக்டருங்களுக்கே தெரியும், ஆனா துடிப்பு இருக்கற வரைக்கும் கைவைக்க மாட்டோம்னு காத்திருந்தாங்க, கிருமி ரத்தத்துல ஏறி அவ செத்துப்போனா. அந்த நாட்டுல 1983லருந்து தாய்க்கும் கருவுக்கும் உசுருரிமை சமம்னு அரசியலமைப்புலயே எழுதி வெச்சிருந்தாங்க. 2018ல அந்த ஜனங்களே ஓட்டுப் போட்டு எடுத்துட்டாங்க, அந்த நாட்டுல பெரும்பாலானவங்க கத்தோலிக்கருங்க.

கருக்கலைப்பப் பத்தி நம்ம சபைல பேசவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். பேசணும், இந்தக் கொங்கு மண்ணுல நிச்சயமா பேசணும். ஒத்தப் புள்ள போதும் அதுவும் பையனா இருக்கட்டும், தோட்டம் பங்கு பிரிஞ்சிரக் கூடாதுன்னு எத்தன வூட்டுல நடந்துச்சு. பொறந்த பொண்ணுக் கொழந்தையக் கொல்லாம அரசாங்கத்துகிட்ட விட்டுருங்கன்னு 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்துல ஆரம்பிச்சது எதனாலங்க? வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாக்கறதத் தடுக்க 1994ல சட்டமே வந்துச்சு. அங்க முடிவெடுத்தது புருஷன், மாமியா, மாமனாரு, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கைப்புடிச்சுக் கூட்டிட்டுப் போனவங்க. அவிய எல்லாம் ஞாயித்துக்கெழம முன்வரிசைலதான் உக்காந்திருக்காங்க, காணிக்கைத் தட்டுல பெரிய நோட்டு போடறவங்க. அவங்களப் பாத்து 'உங்க கைல ரத்தம் இருக்கு'ன்னு ஒரு பிரசங்கியாராச்சும் சொல்லி நான் கேட்டதில்ல. நாப்பது வருஷமா கேக்கறேன். அழுதுட்டிருக்கற ஒத்தப் பொம்பளயப் பாத்து சொல்றது சுலபம்.

திருவிருந்து விஷயம். 1 கொரிந்தியர் 11:28ஐ எடுத்துப் பாருங்க. 'தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து'ன்னு இருக்கு. சோதிச்சுப் பாத்துட்டு எந்திரிச்சு வூட்டுக்குப் போன்னு பவுல் எழுதல, சோதிச்சுட்டு சாப்புடுன்னு எழுதியிருக்காரு. அவ ஒரு வருஷமா தன்னைச் சோதிக்கறதத் தவிர வேறென்ன பண்ணிட்டிருக்கா? இத இவ்வளவு கண்டிப்பா பாக்கற கத்தோலிக்க சபைலயே 2016ல பிரான்சிஸ் பாப்பரசர் எல்லாக் குருமாருக்கும் இதுக்குப் பாவமன்னிப்பு குடுக்கற அதிகாரத்த நிரந்தரமாக் குடுத்துட்டாரு. நம்ம சபைப் போதகர் ஐயரு பாத்திரத்த நீட்டறப்ப யாருக்கும் மறுக்க மாட்டாரு, மறுத்தா எனக்கு எழுதுங்க, நான் வந்து பேசறேன். தனியாப் போக பயந்தான்னாலும் சொல்லுங்க, ஈரோட்டுலருந்து கோபி ஒரு மணி நேரம்தான், அவ பக்கத்துல உக்காந்துக்கறேன்.

அந்தக் கொழந்தைக்கு அவ மனசுல ஒரு பேரு வெச்சிருக்கலாம், கேட்டுப் பாருங்க, சொல்லலன்னா விட்டுருங்க. எங்கம்மா சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் எங்கிட்டச் சொன்னாங்க, யோசுவான்னு.

இன்னொண்ணு, அடுத்த கொழந்தைக்கு யோசிக்கறாங்கன்னா மாசமானப்பறம் மாத்திர ஆரம்பிச்சா பத்தாது, அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்கணும், ஏற்கனவே இப்படி ஆனவங்களுக்கு டோஸும் ஜாஸ்தியாத்தான் குடுப்பாங்க. டாக்டர்கிட்ட போன வருஷத்து ஸ்கேன் ரிப்போர்ட்டக் காட்டி கேக்கச் சொல்லுங்க, புருஷனையும் கூடக் கூட்டிட்டுப் போகட்டும்.