அம்மாவுக்கு வந்திருப்பது எந்தக் கொரோனா? தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. பத்து வருடமாகச் சர்க்கரை. கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம். நேற்று அம்மாவுக்குக் கொரோனா பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. டிவியில் என்பி.1.8.1 என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு வந்திருப்பது அதுதானா என்று பார்க்க மரபணுப் பரிசோதனை எங்கே செய்யலாம்? அதை வைத்து மருந்து மாறுமா? கல்யாணத்தில் தொற்றியதா, சென்னையிலிருந்து வந்த அண்ணனிடமிருந்து தொற்றியதா என்று அதில் தெரியுமா? 2022 ஜனவரியில் அப்பாவின் சாம்பிளையும் மரபணுப் பகுப்பாய்வுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்றுவரை முடிவு வரவில்லை. ஏன்?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். எந்தத் திரிபு, அதாவது வைரஸின் எந்த உருமாறிய வகை என்று தெரியட்டும் என்று ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அம்மாவை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வயதும் சர்க்கரையும் சேர்ந்திருப்பதால் வைரஸுக்கு எதிரான மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் பலன். ஆகவே காய்ச்சலோ தொண்டை வலியோ என்று தொடங்கியது என்பதைச் சரியாக நினைவுபடுத்திச் சொல்லுங்கள். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடு ரிட்டோனாவிர் ஒத்துப்போகாது. அவற்றைச் சில நாட்கள் நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். தொற்று நேரத்தில் சர்க்கரை ஏறும், அதனால் வழக்கத்தைவிட அடிக்கடி பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழே காட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதில் எங்கேயும் திரிபின் பெயர் வரவில்லை பாருங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதுவே பதில். வைரஸின் மாற்றங்களில் முக்கியமானவை பெரும்பாலும் அதன் வெளிப்புறத்து ஸ்பைக் புரதத்தில் நடக்கின்றன. மேலே சொன்ன மாத்திரை தாக்குவது உள்ளே இருக்கும் ஒரு நொதியை. ரெம்டெசிவிர் தாக்குவது வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதியை. இந்த இரண்டும் ஸ்பைக் அளவுக்கு மாறவில்லை. ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனுக்கோ திரிபைப் பற்றிய கவலையே கிடையாது. ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. ஸ்பைக்கைக் குறிவைத்துத் தயாரித்த ஒற்றைப்படி எதிர்ப்பொருள் (மோனோக்ளோனல் ஆன்டிபாடி) ஊசிகள் ஒமைக்ரானிடம் செல்லுபடியாகவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இப்படி இரண்டு மருந்துக் கூட்டுகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. அப்போதும் ஒவ்வொரு நோயாளிக்கும் மரபணுவைப் படித்துப் பார்த்து முடிவெடுக்கவில்லை. ஊரில் எது பரவுகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தார்கள்.

சில தனியார் லேபுகளிலும் மரபணு வரிசைப்படுத்தும் கருவி இருக்கிறது. தேடினால் யாராவது செய்து கொடுப்பார்கள். ஆனால் முடிவு வரும் நேரத்தில் அம்மா குணமாகி சமையல்கட்டில் நிற்பார். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஆக்ஸிமீட்டரும் வீட்டில் எல்லோருக்கும் மாஸ்க்கும் வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது? ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸில் இரண்டு மூன்று இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். மரபணு வரிசைப்படுத்தலில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஏறக்குறைய 29,900 எழுத்துகளையும் படிக்க வேண்டும். லேபில் நாங்கள் வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, சுமார் 400 எழுத்து நீளமுள்ள துண்டுகளாகப் பெருக்குகிறோம். ஓடு வேய்வதுபோல ஒரு துண்டின் ஓரம் அடுத்த துண்டின் மேல் ஏறியிருக்கும். பரவலாகப் புழங்கிய, ஆர்டிக் என்ற வரிசைப்படுத்தும் முறையின் தொடக்கப் பதிப்புகளில் இப்படி 98 துண்டுகள். அப்புறம் ஒவ்வொரு நோயாளியின் துண்டுகளுக்கும் ஓர் அடையாளக் குறி ஒட்டி, பலருடையதை ஒன்றாகக் கலந்து கருவியில் ஏற்றுவோம். ஒரே ஒரு சாம்பிளுக்காகக் கருவியை ஓட்டினால் செலவு தாங்காது. அதனால் போதுமான சாம்பிள் சேரும்வரை காத்திருப்போம். தாமதத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புக்கும், சாம்பிள் ஊரிலிருந்து வந்து சேரும் நேரத்துக்கும்தான் போகிறது.

சாம்பிளில் வைரஸ் போதுமான அளவு இருக்கவும் வேண்டும். ரிப்போர்ட்டில் சிடி என்று ஓர் எண் இருந்தால் பாருங்கள். அது 25க்குக் கீழே இருந்தால் நன்றாகப் படிக்க வரும். 35 என்றால் வைரஸ் அதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவு. படித்தாலும் நடுவில் ஓட்டை ஓட்டையாக வரும்.

இந்த ஓட்டைகள் எங்களையே குழப்பிய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்தியில் வரும் திரிபுக் கணக்கை எப்படி வாசிப்பது என்பதற்கு அது உதவும். 2021இல் டெல்டா உலகமெங்கும் பரவியபோது, ஸ்பைக் புரதத்தின் 142ஆவது இடத்தில் ஒரு மாற்றம் சில டெல்டா வைரஸ்களில் இருந்தது, சிலவற்றில் இல்லை. ஒரே குடும்பத்து வைரஸ்களில் அது வருவதும் போவதுமாகத் தெரிந்தது. உண்மையில் வைரஸ் அப்படி மாறவே இல்லை. துண்டுகளைப் பெருக்க ப்ரைமர், அதாவது பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துணுக்கு, வந்து ஒட்ட வேண்டிய இடத்தில் டெல்டாவுக்கு மாற்றங்கள் இருந்தன. ப்ரைமர் சரியாக ஒட்டாததால் 72ஆவது துண்டு சரியாகப் பெருகவில்லை. அந்த இடத்தில் உண்மையான தரவு மிகக் குறைவு. அதை வெற்றிடமாக விட வேண்டிய இடத்தில், பல லேபுகளின் கணினிச் செயல்முறையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் பழைய வூகான் வைரஸின் எழுத்தே வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்துவிட்டு, இந்த டெல்டாவில் மாற்றம் இல்லை என்று பதிவானது. 2021 ஜூனில் ப்ரைமர்களைத் திருத்தி ஆர்டிக்கின் நான்காம் பதிப்பு வந்தது. பெருந்தொற்றில் வைரஸ் மாற மாற, அதைப் படிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புது மாற்றம் என்று ஒரு செய்தி வந்த அன்றே நான் பதறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். வெவ்வேறு முறையில் படிக்கும் இரண்டு மூன்று லேபுகளிலும் அது தெரிகிறதா என்று பார்ப்பேன்.

ஓட்டையே துப்பாக அமைந்ததும் உண்டு. ஸ்பைக் மரபணுவில் 21765 முதல் 21770 வரை ஆறு எழுத்துகள் விடுபட்டுப்போனது ஆல்பா திரிபில். பரவலாகப் புழங்கிய ஒரு பிசிஆர் கிட் சரியாக அந்த இடத்தைத்தான் தேடும். அதனால் மூன்று இலக்குகளில் இரண்டு பாசிட்டிவ், எஸ் (ஸ்பைக் மரபணு) மட்டும் காணவில்லை என்று வரும். 2021 டிசம்பரில் எஸ் ஜீன் டிராப் என்று நம் ஊர் செய்திகளில் தினமும் அடிபட்டது ஞாபகம் இருக்கும். ஒமைக்ரானின் முதல் வகையிலும் அதே ஆறு எழுத்துகள் இல்லை. ஆல்பா ஓய்ந்து டெல்டா ஆண்ட காலம் அது. டெல்டாவில் எஸ் விடுபடாது. ஆகவே 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு தனியார் லேபில் எஸ் திடீரென்று காணாமல் போகத் தொடங்கியதுமே, ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் முழு மரபணுவையும் படித்தார்கள். நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. 26ஆம் தேதி ஒமைக்ரான் என்று பெயர் வைத்தாகிவிட்டது. உலகத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அது. அதற்குக் கைமாறாக அந்த நாட்டு விமானங்களுக்குத் தடை போட்டார்கள். நவம்பர் 19ஆம் தேதியே எடுத்த சாம்பிளில் ஒமைக்ரான் இருந்ததாக நெதர்லாந்து அப்புறம் கண்டுபிடித்தது. முதலில் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்தவர் சொல்லத் தயங்குவார். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, என்பி.1.8.1க்கு வருவோம். 2025 மே மாதம் வெளியான இன்சாகாக் தரவின்படி, ஏப்ரலில் தமிழ்நாட்டில் அந்தத் திரிபு கிடைத்தது ஒரே ஒரு சாம்பிளில். எல்எஃப்.7 என்ற இன்னொன்று மே மாதத்தில் குஜராத்தில் நான்கு சாம்பிள்களில். இன்சாகாக் என்பது 2020 டிசம்பரில் இந்தியா அமைத்த ஆய்வகங்களின் கூட்டமைப்பு. தொடங்கியபோது 10 ஆய்வகங்கள், பிறகு பல சேர்ந்தன. அந்த ஒரு சாம்பிள் சொல்வது, இது இங்கே வந்துவிட்டது என்பதை மட்டும்தான். எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு கடுமையானது என்று அதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அடுத்த முறை, பாதிப் பேருக்குப் புதுத் திரிபு என்று தலைப்பு வந்தால், எத்தனை சாம்பிளில் பாதி என்று தேடுங்கள். அப்புறம், அந்தச் சாம்பிள்கள் யாருடையவை என்று பாருங்கள். விமான நிலையத்தில் எடுத்தவையா, ஐசியுவில் இருப்பவர்களுடையதா, ஊரில் பரவலாக எடுத்தவையா? ஐசியு சாம்பிள்களை மட்டும் படித்துவிட்டு இந்தத் திரிபு கடுமையானது என்று சொன்னால், அது தேர்ந்தெடுத்த விதத்தால் வந்த முடிவு. இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து, ஒரே முறையில் எடுத்த சாம்பிள்களில் ஒரு திரிபின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது, கூடவே மருத்துவமனைச் சேர்க்கையும் ஏறுகிறது என்றால் நானும் கவலைப்படுவேன்.

கல்யாணமா, அண்ணனா என்ற கேள்விக்குப் பதில்: முழுதாகத் தெரியாது. இந்த வைரஸில் ஒரு பரவல் சங்கிலியில் மாதத்துக்குச் சராசரியாக இரண்டு எழுத்து மாறும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்ற ஆகும் சில நாட்களில் பெரும்பாலும் ஒன்றுமே மாறாது, மிஞ்சினால் ஓரிரு எழுத்து. அம்மாவின் வைரஸும் அண்ணனின் வைரஸும் பத்து இடங்களில் வேறுபட்டால், அண்ணனிடமிருந்து அம்மாவுக்கு வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டும் ஒன்றாகவே இருந்தால்? அண்ணன் அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம், அம்மா அண்ணனுக்குக் கொடுத்திருக்கலாம், இருவருக்கும் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ கொடுத்திருக்கலாம். மரபணு ‘இல்லை’ என்று சொல்லும், ‘ஆம்’ என்று சொல்லாது. மருத்துவமனை வார்டுகளில் தொற்று உள்ளேயே சுற்றுகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று பார்க்க இதுவே போதும். வீட்டில் யார்மேல் பழி போடுவது என்பதற்கு இது உதவாது. அண்ணனை விட்டுவிடுங்கள்.

அப்பாவின் சாம்பிளுக்கு என்ன ஆகியிருக்கும்? 2022 ஜனவரி என்றால் ஒமைக்ரான் அலையின் உச்சம். முன்பு வெளிமாநில ஆய்வகங்களுக்குச் சாம்பிள் அனுப்பிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுக்கு, 2021 செப்டம்பரில்தான் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் சொந்தமாக முழு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் வந்தது. அவ்வளவு சாம்பிளையும் எந்தக் கூடத்தாலும் படித்திருக்க முடியாது. சிடி அதிகமாக இருந்து ஒதுக்கப்பட்டிருக்கலாம், அல்லது படித்து முடித்திருக்கலாம். படித்திருந்தாலும் அது கண்காணிப்புக் கணக்குக்குத்தான் போகும். உங்களுக்கு வரும் ரிப்போர்ட்டாக அதை யாரும் நினைப்பதில்லை. சாம்பிள் எடுத்தபோதே இதை உங்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் ஒரு குடும்பம் முடிவுக்காகக் காத்திருப்பது சரியல்ல. பொதுவாக இத்தகைய தரவு ஜிஐஎஸ்ஏஐடி போன்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். பெயர் இருக்காது. இடம், சாம்பிள் எடுத்த தேதி, சில சமயம் வயதும் பாலினமும், அவ்வளவுதான். அதில் அப்பாவுடையது எது என்று தேடிக் கண்டுபிடிக்க வழி இல்லை.

அம்மாவின் சாம்பிளைப் பொறுத்தவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாசிட்டிவ் வந்த லேபுக்கு இன்றே போன் செய்து, மீதமுள்ள சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா, குளிரில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ரேபிட் கிட்டில் பார்த்ததென்றால் அனுப்புவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. ஆர்டி-பிசிஆர் என்றால், மாவட்டப் பொது சுகாதாரத் துறை மூலம் பகுப்பாய்வுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். அனுப்பினால் படிவத்தை முழுதாக நிரப்பச் சொல்லுங்கள்: அறிகுறி தொடங்கிய தேதி, சாம்பிள் எடுத்த தேதி, மாவட்டம், கடைசியாகத் தடுப்பூசி போட்ட மாதம், வெளியூர்ப் பயணம், மருத்துவமனையில் சேர்ந்தாரா என்பது. 29,900 எழுத்துகளையும் சுத்தமாகப் படித்துவிட்டு, தேதிக் கட்டம் காலியாக இருப்பதால் பயன்படுத்த முடியாமல் ஒதுக்க நேர்வது மிகவும் வருத்தமான விஷயம். கல்யாணத்துக்கு வந்தவர்களில் இன்னும் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒரே இடத்தில் கூடியவர்களின் சாம்பிள்கள் சேர்ந்து வந்தால் படிப்பவர்களுக்கு அதிகம் புரியும்.