டெல்லியா, கொருக்குப்பேட்டையா?

கேள்வி: மகன் டெல்லிக்குக் கூப்பிடுகிறான். இங்கே வருஷா வருஷம் மழைத் தண்ணீர், அங்கே நிலநடுக்கம் என்கிறார்கள். எங்கே இருப்பது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். டெல்லி நிலநடுக்க வரைபடத்தில் நான்காம் மண்டலம் என்றும் சென்னை மூன்றாம் மண்டலம் என்றும்தான் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்; எண் ஏற ஏற ஆபத்து அதிகம். டெல்லியில் ஆட்டம் வந்தால் முன்கூட்டிச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது, கட்டடம் உறுதியாக இருந்தால்தான் உயிர் தப்பும். நம் ஊர்ப் புயல் அப்படியில்லை. 2016 வர்தாவோ 2023 மிக்ஜாமோ, சில நாள் முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே, அதுதான் வேதனை. 2023-ல் எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. கொசஸ்தலை ஆறும் புழல் ஏரி உபரிநீர்க் கால்வாயும் கடலுக்குப் போகிற வழி அதுதானே.

அதனால் ஊர் மாறுவதற்கு முன் தெரு மாறிப் பாருங்கள். வாடகைக்குப் பார்க்கிற வீட்டில் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே சுண்ணாம்பு பூசி மறைத்த ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் 2015-லும் 2023-லும் எத்தனையாவது படி வரை ஏறியது என்று எதிர்வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் வேண்டாம். முதல் மாடி கிடைத்தால் தாராளமாக இருங்கள்.

அப்புறம், டெல்லிதான் என்று முடிவானால், கீழ்த்தளத்தைக் கார் நிறுத்த விட்டு, சுவரில்லாமல் தூண் மட்டும் நிற்கும் அடுக்குமாடி வேண்டாம், ஆட்டத்தில் அதற்கு ஆபத்து அதிகம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.