கஸ்டெலானியைச் சேர்க்கலாமா?

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கொழும்பில் வேலை செய்த பற்றீரியா ஆய்வாளர்களைப் பற்றிப் பிள்ளைகள் சுவர்ப் பத்திரிகை போடுகிறார்கள். ஒரு மாணவி அல்டோ கஸ்டெலானியின் பெயரைக் கொண்டுவந்தாள். சக ஆசிரியர் ஒருவரோ, "முசோலினியின் டொக்டர், வேண்டாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

போடுங்கள். கொழும்பு என்று தலைப்பு வைத்துவிட்டு அவரை விடுவது சரிவராது.

1874இல் இத்தாலியின் புளோரன்ஸில் பிறந்தவர். 1903இல் அரசாங்கப் பற்றீரியா நிபுணராக இங்கே வந்து 1915 வரை இருந்தார். வரும்போதே ஒரு சர்ச்சையோடுதான் வந்தார். உகண்டாவில் தூக்க நோயை ஆராய்ந்தபோது, முதலில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பற்றீரியாதான் காரணம் என்று நம்பினார். பிறகு நோயாளிகளின் முள்ளந்தண்டு நீரில், உண்மையான காரணமான ட்ரிபனசோம் என்ற ஒட்டுண்ணியைக் கண்டார். பெருமை அவருக்கா, அதே நோயை ஆராயப் பின்னால் வந்த பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸுக்கா என்று வருடக்கணக்கில் இழுபட்டது.

எனக்கு அவருடைய கொழும்பு வேலைதான் பெரிது. பறங்கி நோய் அந்தக் காலத்தில் இங்கே கிராமத்துப் பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்தியது. தோலில் புண்ணாகத் தொடங்கும், கவனிக்காமல் விட்டால் எலும்பு வரை போகும். 1905இல் அந்தப் புண்ணின் கசிவில், மெல்லிய சுருள் கிருமி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதே வருடம் ஜெர்மனியில் ஷௌடினும் ஹொஃப்மனும், பாலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோயின் கிருமியைக் கண்டிருந்தார்கள். இரண்டையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது! ஆனாலும் இவை வேறு வேறு நோய்கள் என்று கஸ்டெலானி உறுதியாக நின்றார். பறங்கி, தோலோடு தோல் பட்டே பிள்ளைகளுக்குத் தொற்றுவது.

அப்புறம் கொப்பரா சொறி. கொப்பரா ஆலைத் தொழிலாளருக்கு வரும் அரிப்பை 1912இல் விவரித்தார். காரணம், கொப்பராவில் ஊரும் நுண்ணிய உண்ணி. கூலிக்காரரின் சொறியை நின்று பார்க்க எந்தத் துரைக்கு அன்று நேரம் இருந்தது? பங்கசுகளையும் விடவில்லை. 1910இல் ஒரு ஈஸ்டுக்குத் தன் ஆசிரியர் குரூஸேயின் பெயரை வைத்தார். 'கன்டிடா குரூசே' என்று ஆய்வுகூட ரிப்போர்ட்டுகளில் இன்றும் வருகிறது. தோல் பங்கசுக்குப் பூசும் மஜந்தா நிறக் கஸ்டெலானி பெயின்ட் உங்கள் பிள்ளைகள் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, முசோலினி. உங்கள் சக ஆசிரியர் சொல்வது உண்மை. 1928இல் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்த இதே மனிதர், 1935–36இல் சர்வாதிகாரி முசோலினியின் ஆட்சியில் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிய இராணுவத்தின் மருத்துவப் பணிக்குத் தலைமை தாங்கினார். சிப்பாய்கள் நோயால் அதிகம் சாகவில்லை என்று அவரைப் பாராட்டினார்கள். அந்தப் படை எத்தியோப்பியர்மீது விஷவாயு போட்டது. இதை அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டாம். பறங்கி நோய்க்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். இடம் போதாவிட்டால் உகண்டா சர்ச்சையை வெட்டிவிடலாம்.